சோழவரம் முதல் தீவுத்திடல் வரை: பந்தயத்துக்குள் யாரை விடுவது?

இருங்காட்டுக்கோட்டைக்கு முன்னால் சோழவரம் இருந்தது. இன்றைக்குக் கைப்பேசியில் ஃபார்முலா ஒன் பார்க்கும் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது. சென்னையிலிருந்து ஜி.என்.டி. சாலையில் வடக்கே கிளம்பினால் மாதவரம், புழல், செங்குன்றம், பாடியநல்லூர் தாண்டிச் சோழவரம் வரும். ஏரியால் பெயர் பெற்ற ஊர். சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற ஊர். ஆனால் 1950கள் முதல் 1980களின் இறுதி வரை, இந்தியாவில் மோட்டார் பந்தயம் என்று சொன்னால் முதலில் வாயில் வரும் பெயர்களில் ஒன்று சோழவரம்தான்.

நான் அந்த வட்டாரத்துக்காரன். காரனோடையில் பிறந்தேன். அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தேன். செங்குன்றத்தில் ஒரு பட்டறையில் கை பழகி, பிறகு கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் சொந்தமாக லேத்து போட்டு, ஜாப் ஒர்க் செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். பந்தயத்தை நான் கிட்டத்தில் பார்த்ததெல்லாம் வண்டிக்கு அடியில் இருந்துதான். அந்த இடத்திலிருந்து பார்க்கிறவனுக்கு யார் ஜெயித்தான் என்பதைவிட, யாரை உள்ளே விட்டார்கள் என்பதுதான் பெரிய விஷயமாகத் தெரியும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

போர் விட்டுப்போன ஓடுபாதை

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன. விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தப்பவில்லை. அடுத்து சென்னைதான் என்ற பயத்தில் நகரத்தில் பாதிப்பேர் மூட்டை கட்டிக்கொண்டு ஊர்ப்பக்கம் போனதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தப் போர்க்காலத்து ஓடுபாதைகளில் ஒன்றுதான் சோழவரம் ஓடுபாதை. போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, பாதை அப்படியே கிடந்தது.

உலகம் முழுக்க நடந்த கதைதான் இது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் போர்க்கால விமானத்தளம்தான். அங்கேதான் 1950 மே 13 அன்று ஃபார்முலா ஒன் உலகக் கோப்பையின் முதல் பந்தயம் ஓடியது. இலங்கையில் களுத்துறைப் பக்கம் கட்டுகுருந்தை விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்தது. நம் நாட்டில் கல்கத்தாவுக்குப் பாரக்பூர், பம்பாய்க்கு ஜுஹு, பெங்களூருக்கு எலகங்கா, சென்னைக்குச் சோழவரம். பந்தயத்துக்கென்று தடம் கட்டக் காசில்லாத நாட்டில், போர் விட்டுப்போன தார்ப்பாதை பந்தயக்காரர்களுக்கு உதவியது.

1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. சோழவரம் பந்தயங்களை நடத்தியது அந்தக் கிளப்தான். பெரும்பாலும் வெயில் ஏறுவதற்கு முந்தைய மாதங்களில் பந்தயம் வரும். கல்கத்தாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வண்டிகள் லாரியில் வந்து இறங்கும். நம் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அது சொந்த ஊர்த் திருவிழா போல.

ஆனால் நிலம் ராணுவத்தினுடையது. கிளப் வைத்திருந்தது வெறும் அனுமதி. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் எல்லாம் விளங்கும். சோழவரத்தில் முதல் பந்தய வண்டி புறப்பட்ட நாளிலேயே அரசாங்கத்தின் கை அதில் இருந்தது. பாதுகாப்புத் துறை சரி என்றால் பந்தயம், வேண்டாம் என்றால் ஓடுபாதையில் மாடு மேயும். பந்தயத்தை அரசியலிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அப்படி விலகி இருந்த காலம் எது என்று நான் கேட்பேன். எங்கள் ஊரில் அப்படி ஒரு காலம் இல்லை.

பிளக்கைப் பார்த்து ஜாதகம் சொன்னவர்கள்

நிலம் அரசாங்கத்தினுடையது என்றாலும், சோழவரத்துக்குள் நுழையும் முறை எளிமையாக இருந்தது. படிவத்தை நிரப்பு, கட்டணம் கட்டு, வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டு வா. பிரேக் பிடிக்கிறதா, எண்ணெய் ஒழுகுகிறதா, ஹெல்மெட் சரியா என்று பார்ப்பார்கள். தேறினால் ஓடலாம். அணி என்பது பெரும்பாலும் ஓர் ஓட்டுநர், ஒரு மெக்கானிக், கூடமாட ஒத்தாசைக்கு ரெண்டு சிநேகிதர்கள். கம்பெனிப் பணத்தில் வந்த அணிகளும் உண்டு. திருவொற்றியூரில் டயர் செய்த எம்.ஆர்.எஃப்., 1982இல் பந்தயப் பிரிவு தொடங்கிய டி.வி.எஸ். என்று பெரிய பெயர்கள் இருந்தன. அவர்களுக்குப் பக்கத்திலேயே செங்குன்றத்துப் பட்டறைக்காரனும் வண்டியை நிறுத்த முடிந்தது.

நான் கை பழகிய பட்டறையில் ஒரு மேஸ்திரி இருந்தார். பேர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. பந்தயம் நெருங்கினால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் யெஸ்டி, ஆர்எக்ஸ் 100 என்று வண்டிகள் வந்து நிற்கும். ஹெட்டைக் கழற்றி லேத்தில் கட்டி, நூல் அளவு சீவிக் கம்ப்ரஷன் ஏற்றுவோம். போர்ட்டை ஃபைல் போட்டுப் பெரிதாக்குவோம். ஒரு மயிரிழை கூடிப்போனால் பிஸ்டன் ரிங் போர்ட்டில் மாட்டி உடையும். அதனால் ஃபைலை அவர் என் கையில் தரவே மாட்டார். வெளிச்சம் பிடிக்கிற வேலைதான் எனக்கு.

மறுநாள் விடிகாலையில் வண்டியை நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் விட்டு, அப்படியே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, உருட்டிக்கொண்டு வந்து நிறுத்துவார்கள். சூடு ஆறுமுன் பிளக்கைக் கழற்றி மேஸ்திரி வெயிலில் பிடித்துப் பார்ப்பார். வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, பந்தயத்தில் பிஸ்டன் ஓட்டையாகும். கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வேகம் வராது. பிஸ்கட் நிறத்துக்கு வரும்வரை கார்புரேட்டரில் ஜெட் மாற்றிக்கொண்டே இருப்பார். எண்ணெய் விளக்கெண்ணெய் கலந்த பந்தய எண்ணெய். அது எரியும் வாசம் இன்றைக்கும் எங்கேயாவது மூக்கில் பட்டால் எனக்குச் சோழவரம்தான் நினைவுக்கு வரும்.

அவர் ஒரு நாளும் பள்ளிக்கூடம் தாண்டிப் போனவர் இல்லை. ஆனால் அவர் தொட்ட வண்டி, பெரிய கம்பெனி வண்டியோடு ஒரே கோட்டில் நின்று புறப்பட்டது. படிவம் நிரப்பத் தெரிந்த எவருக்கும் அந்தக் கோடு திறந்திருந்தது. சோழவரத்தின் பெருமை என்று நான் நினைப்பது இதைத்தான்.

டெல்லியின் அனுமதிச் சீட்டு

கார்களுக்கு நிலைமை வேறு. அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பந்தயக் காரைக் கொண்டுவருவது என்றால் இறக்குமதி உரிமம் வேண்டும், தலைக்கு மேல் சுங்கவரி கட்ட வேண்டும். கையெழுத்து டெல்லியில். அதனால் சோழவரத்தில் ஓடிய கார்களில் பெரும்பகுதி இங்கேயே உருவானவை. ஃபியட் எஞ்சின், ஹெரால்டு எஞ்சின், அம்பாசடர் பாகம் எனக் கிடைத்ததை எல்லாம் சேர்த்துக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தினார்கள். ‘ஸ்பெஷல்’ என்று பேர்.

வெளிநாட்டுக் கார் கொண்டுவர முடிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். கோண்டல் மகாராஜா வந்தார். விஜய் மல்லையா ஒரு பழைய என்சைன் ஃபார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து சோழவரத்தில் ஓட்டினார். அந்தச் சத்தத்தைக் கேட்கவே சனம் கூடியது. அதே மல்லையா பிற்பாடு கர்நாடகத்திலிருந்து மாநிலங்களவை உறுப்பினர் ஆனதும், 2007இல் ஸ்பைக்கர் அணியைக் கூட்டாக விலைக்கு வாங்கி 2008 முதல் ஃபோர்ஸ் இந்தியா என்று ஓட்டியதும் ஊரறிந்த கதை.

அவர்களுக்கு ஈடு கொடுத்தவர் கோயம்புத்தூர் கரிவர்தன். ஓட்டவும் தெரியும், வண்டி கட்டவும் தெரியும். இறக்குமதிக்கு டெல்லி வழிவிடாது என்று தெரிந்த பிறகு அவர் செய்த காரியம் பெரியது. மாருதி 800 காரின் எஞ்சினை வைத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உள்ளூரிலேயே செய்தார். ஃபார்முலா மாருதி பிறந்தது 1980களின் கடைசியில். அதன் பின் ஏராளமான இளைஞர்கள் பந்தயத்துக்குள் வந்தார்கள். நடிகர் அஜித்குமாரும் அந்தக் காரை ஓட்டியவர்தான். கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அரசாங்கம் ஒரு வாசலை மூடியபோது கைவேலை தெரிந்தவன் ஒருவன் இன்னொன்றைத் திறந்தான். மூடிய கையெழுத்தைப் போட்டவர்கள் யாருக்காவது இது தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். நாடாளுமன்றத்தில் யாரும் இதைப் பற்றிக் கேட்டதாக நான் படித்ததில்லை.

சொந்தத் தடம்

அடுத்தவன் நிலத்தில் எத்தனை காலம் ஓடுவது? கிளப் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த இடம் வாங்கித் தடம் அமைத்தது. 1990இல் திறந்தார்கள். சுற்று நீளம் 3.7 கிலோமீட்டர். இந்தியாவில் பந்தயத்துக்கென்றே கட்டிய முதல் நிரந்தரத் தடம் அது. ஓட்டுநர்களுக்குப் பாதுகாப்பு, பார்வையாளர்களுக்கு வேலி, உலகத் தரச் சான்று எல்லாம் அதன் பிறகுதான் வந்தன. சோழவரம் போனதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் போனது சரிதான். நேர்ப்பாதையில் பறந்து வந்து முனையில் சட்டென்று திரும்பும் வண்டிக்கும் வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்கும் நடுவில் அங்கே பெரிய காப்பு ஒன்றும் இருந்ததில்லை.

இருங்காட்டுக்கோட்டை வந்த பிறகு பந்தயம் எங்கள் பக்கத்திலிருந்து நகரின் மறுகோடிக்குப் போய்விட்டது. ஆனால் தொழில் போகவில்லை. திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் வந்தது. லான்சரும் அதன் தம்பி செடியாவும் ராலிப் பந்தயங்களில் புழுதி கிளப்பிய வண்டிகள். அதே மாவட்டத்தில் இன்றைக்கு சிட்ரோயன் கார் உருவாகிறது, கேட்டர்பில்லர் இயந்திரங்கள் உருவாகின்றன. எண்ணூரில் அசோக் லேலண்ட், துறைமுகத்தில் ஏற்றுமதிக்குக் காத்திருக்கும் கார்களின் வரிசை. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிறார்கள், கடைகிறார்கள், துளையிடுகிறார்கள். கார் செய்யத் தேவையான கை முழுக்க இந்தச் சாலையோரத்தில் இருக்கிறது.

சின்ன அணிகள் செய்த உபகாரம்

இப்போது உலகத்துக்குப் போவோம். நம்மவர்கள் ஃபார்முலா ஒன்னுக்குள் எப்படி நுழைந்தார்கள் என்று பாருங்கள். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணியில் இடம் பிடித்தார். பணத்துக்குத் திண்டாடிக்கொண்டிருந்த, கடைசி வரிசையில் புறப்பட்ட அணி அது. அமெரிக்கப் பந்தயத்தில் டயர் பிரச்சினையால் ஆறே கார்கள் ஓட, நான்காவதாக வந்து ஐந்து புள்ளி எடுத்தார்.

2010இல் மோட்டார் பந்தயத்தின் உலகச் சம்மேளனம் புது அணிகளைச் சேர்த்துக்கொண்டது. லோட்டஸ், வர்ஜின், எச்.ஆர்.டி. என்று மூன்று. அந்த எச்.ஆர்.டி.யில்தான் சென்னை கருண் சந்தோக்குக்கு இடம் கிடைத்தது. அவர் தாத்தா இந்து சந்தோக், சென்னைக் கிளப்பையும் அகில இந்திய மோட்டார் பந்தயச் சம்மேளனத்தையும் வளர்த்தவர்களில் ஒருவர்; அப்பா விக்கி சந்தோக்கும் பந்தயக்காரர். அடுத்த இரண்டு ஆண்டுகளும் அதே எச்.ஆர்.டி.யில் நரேன் ஓட்டினார்.

ஆக, ஃபார்முலா ஒன் ஓட்டிய இந்தியர் இருவரும் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். இருவரையும் உள்ளே விட்டது ஃபெராரியோ மெக்லாரனோ கிடையாது. ஒன்று நலிந்த அணி, மற்றது புத்தம்புது அணி. பழைய பெரிய வீட்டில் புது ஆளுக்கு எளிதில் பாய் விரிக்க மாட்டார்கள். புது அணி சேர்ந்தால்தான் புது ஆள் வருவான். அணி சேர்க்கை என்பது எங்கேயோ பணக்காரர்கள் அடித்துக்கொள்ளும் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு பெயர்களையும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2010இல் வந்த மூன்று அணிகளும் நிலைக்கவில்லை. எச்.ஆர்.டி. 2012இலேயே மூடியது. மற்ற இரண்டும் பெயர் மாறி, கைமாறி, 2016 தொடருக்குப் பிறகு இல்லாமல் போய்விட்டன. கண்டவரையும் சேர்த்தால் இப்படித்தான் ஆகும் என்று பழைய அணிகள் சொல்வது அதை வைத்துத்தான். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. சம்பளம் நின்றுபோன மெக்கானிக்கின் வீட்டில் அது பெரிய உண்மை.

வாஷிங்டனிலிருந்து ஒரு கடிதம்

2023இல் உலகச் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ., புது அணிகள் விண்ணப்பிக்கலாம் என்று அழைத்தது. வந்தவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்து அக்டோபர் 2 அன்று ஒப்புதல் தந்தது. அமெரிக்காவின் ஆன்ட்ரெட்டி அணி. 1978இல் உலகச் சாம்பியனான மரியோ ஆன்ட்ரெட்டியின் குடும்பம். பின்னால் ஜெனரல் மோட்டார்ஸ், காடிலாக் பெயரோடு. ஆனால் பந்தயத்தின் வணிக உரிமை வேறு கையில் இருக்கிறது; லிபர்ட்டி மீடியா என்ற அமெரிக்க நிறுவனத்தின் கீழ் உள்ள ஃபார்முலா ஒன் நிர்வாகம். அவர்கள் 2024 ஜனவரி 31 அன்று, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இந்த அணி போட்டி போடும் அளவுக்கு வராது, தொடருக்கு மதிப்புக் கூட்டாது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

உள்ளே நடந்த கணக்கு எளிது. வருமானத்தில் ஒரு பங்கை அப்போதிருந்த பத்து அணிகளும் பிரித்துக்கொண்டன. பந்தியில் பதினோராவது இலை விழுந்தால் மற்றப் பத்து இலையிலும் பாயசம் குறையும். அதை ஈடுகட்டப் புதிதாக வருகிறவர் 20 கோடி டாலர் கட்ட வேண்டும் என்பது அப்போதைய ஒப்பந்தம். அதுவும் போதாது என்றார்கள் பழைய அணிக்காரர்கள்.

அப்போதுதான் அரசியல்வாதிகள் வந்தார்கள். 2024 மே 1 அன்று மரியோ ஆன்ட்ரெட்டி வாஷிங்டன் நாடாளுமன்ற வளாகத்துக்கே போய் நின்றார். மிச்சிகன் உறுப்பினர் ஜான் ஜேம்ஸ் முன்னெடுக்க, இரண்டு கட்சிகளையும் சேர்ந்த 12 உறுப்பினர்கள் லிபர்ட்டி மீடியா தலைவருக்குக் கடிதம் எழுதினார்கள். எந்த அதிகாரத்தில் மறுத்தீர்கள், ஜெனரல் மோட்டார்ஸ் வருவது மற்ற கார் கம்பெனிகளுக்கு இடைஞ்சல் என்பதால் மறுத்தீர்களா என்பதுதான் கேள்விகளின் சாரம். 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டத்தை நினைவூட்டினார்கள். ஏற்கெனவே உள்ளே இருக்கும் வியாபாரிகள் கூடிப் பேசிப் புதியவனை வெளியே நிறுத்துவது குற்றம் என்பதற்கு அந்த நாட்டில் அடிப்படையான சட்டம் அது. ஆகஸ்டில், அமெரிக்க அரசின் நீதித் துறை இதை விசாரிக்கிறது என்பதை லிபர்ட்டி மீடியாவே வெளியே சொன்னது. நவம்பர் 25 அன்று கொள்கை அளவில் சம்மதம் வந்தது. 2025 மார்ச்சில் இறுதி ஒப்புதல். 2026 தொடருக்கு 11ஆவது அணி, காடிலாக். நுழைவுக் கட்டணம் 45 கோடி டாலர் என்று செய்திகள் கூறின.

அந்தக் கடிதம் ஒன்றுதான் வாசலைத் திறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். நடுவில், அணியை நடத்திய மரியோவின் மகன் மைக்கேல் ஆன்ட்ரெட்டி ஒதுங்கிக்கொண்டார். ஜெனரல் மோட்டார்ஸ் சொந்த எஞ்சின் செய்வதாக உறுதி கொடுத்தது. மிச்சிகன் உறுப்பினருக்கு டெட்ராய்ட் கார் கம்பெனி மேல் அக்கறை இருப்பதும் இயல்பு. தொகுதிக்காரன் பிழைப்பைப் பற்றிக் கேட்பதற்குத்தான் உறுப்பினரை அனுப்புகிறோம். நான் கவனித்தது வேறு. அவர்கள் இந்த அணியைச் சேர் என்று கட்டளை போடவில்லை. ஏன் சேர்க்கவில்லை என்று காரணம் கேட்டார்கள். அந்தக் கேள்வியைப் பொதுவெளியில் வைத்தார்கள். எனக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் முக்கியம்.

நம் அரசியல்வாதிகள் கேட்டதும் கேட்காததும்

நம் நாட்டிலும் அரசாங்கம் பந்தயத்தில் தலையிட்டிருக்கிறது, நிறையவே. கிரேட்டர் நொய்டாவில் 2011 முதல் 2013 வரை மூன்று ஆண்டு இந்தியன் கிராண்ட் ப்ரீ நடந்தது. அது நடப்பதற்கு முன்பே, இது விளையாட்டு இல்லை, கேளிக்கை வியாபாரம் என்று மத்திய விளையாட்டு அமைச்சகம் கைவிரித்தது. உத்தரப் பிரதேச அரசோ கேளிக்கை வரியில் சலுகை கொடுத்தது. அது வழக்காகி உச்ச நீதிமன்றம் வரை போனது. டெல்லி வேண்டாம் என்றது, லக்னோ வா என்றது, வரித் தகராறு முற்றி மூன்றே ஆண்டில் பந்தயம் நின்றது.

ஐதராபாத்தில் 2023 பிப்ரவரியில் மின்சாரக் கார்களின் ஃபார்முலா ஈ பந்தயம் நடந்தது. அந்த டிசம்பரில் ஆட்சி மாறியது. 2024 பந்தயம் ரத்தானது. முந்தைய அமைச்சர் மேல் பணம் செலுத்தியது பற்றி வழக்கும் வந்தது. யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆட்சிக்கு ஆட்சி மாறும் தயவில் ஒரு விளையாட்டு வளராது என்பதை மட்டும் நான் சொல்வேன்.

சென்னைக்கு வருவோம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ரேசிங் புரமோஷன்ஸ் என்ற தனியார் நிறுவனமும் சேர்ந்து, தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டர் சாலையில் இரவுப் பந்தயம் என்று 2023இல் அறிவித்தன. அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் வழியாகத் தடம். டிசம்பரில் நடக்க வேண்டியதை மிக்ஜாம் புயல் தள்ளிப் போட்டது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடந்தது. அரசு நாற்பது கோடி ரூபாய் அளவுக்குப் பணம் ஒதுக்கியதை அ.தி.மு.க. எதிர்த்தது, தி.மு.க. அரசு நியாயப்படுத்தியது. உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் வந்தன. சாலை பாழாகுமா, பக்கத்து மருத்துவமனைகளுக்குச் சத்தம் கேட்குமா, புயலில் நனைந்த ஊரில் இது தேவையா என்று கேட்டார்கள். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான்.

கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. பொதுச் சாலையில், பொதுப் பணத்தில் ஓடும் தொடரில் அணியாகச் சேர என்ன தகுதி? யார் தீர்மானிப்பது? தீவுத்திடலில் ஓடிய இந்தியன் ரேசிங் லீக்கில் ஊர்ப் பெயர்களில் ஆறு அணிகள். 2024 தொடரில் கொல்கத்தா அணிக்கு சவுரவ் கங்குலி, கோவா அணிக்கு ஜான் ஆபிரகாம், டெல்லி அணிக்கு அர்ஜுன் கபூர், ஐதராபாத் அணிக்கு நாக சைதன்யா என்று நட்சத்திர உரிமையாளர்கள் இருந்தார்கள். அவர்கள் வருவதால் கூட்டம் வரும், விளம்பரம் வரும்; அதில் தப்பே இல்லை. ஆனால் அணி என்றால் விலை கொடுத்து வாங்கும் உரிமை என்றே ஆகிவிட்டது. ஓடும் கார்களும் எல்லா அணிக்கும் ஒன்றே. வெளிநாட்டில் செய்து கொண்டுவந்தவை. ஓட்டுநர்களுக்கு இது நியாயமான போட்டி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வண்டி கட்டத் தெரிந்தவனுக்கு அங்கே வேலையே இல்லை.

விதி எழுத முடியாது என்று யாரும் சொல்லக் கூடாது. ஒவ்வோர் அணியிலும் ஒரு பெண் ஓட்டுநர் கட்டாயம் என்று அதே லீக் விதி வைத்திருக்கிறது. நல்ல விதி. அப்படி எழுத முடிந்த கைகளால், பட்டறையிலிருந்து வரும் அணிக்கும் ஒரு விதி எழுத முடியும்.

வேறு நாட்டில் எப்படி என்பதற்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. அஜித்குமார் சொந்த அணி தொடங்கி, 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் இறங்கினார். 991 என்ற கார்ப் பிரிவில் அவர் அணி மூன்றாவது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் சின்னம் அவர் காரில் இருந்தது. பணமும் பேரும் அவருக்கு இருந்தது உண்மை. ஆனால் அந்தத் தொடரின் வாசலில் எழுதியிருந்தது உரிமம், வண்டி, கட்டணம், பிரிவு என்ற விதிதான். பழைய அணிகள் கூடிச் சம்மதம் தர வேண்டும் என்று இல்லை. சோழவரத்து முறைக்கு அது கிட்டத்தில் வருகிறது.

நாங்கள் கேட்பது

சில ஆண்டுகளாகப் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் எங்கள் பக்கம் வருகிறார்கள். ஃபார்முலா பாரத் போன்ற மாணவர் போட்டிகளுக்கு அவர்களே கார் வடிவமைத்து, பாகங்களை ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கிறார்கள். சக்கரத்தைத் தாங்கும் அலுமினிய அப்ரைட் ஒன்றை முதன்முதலாக என் பட்டறைக்குக் கொண்டுவந்த பெண் பிள்ளை, பேரிங் உட்காரும் துளைக்கு மைக்ரான் கணக்கில் அளவு எழுதியிருந்தாள். துளையைக் கடைந்து, அலுமினியத்தைச் சூடேற்றி, பேரிங்கை மேலே வைத்தேன். தட்டாமல் தானாகவே இறங்கி உட்கார்ந்தது. “அண்ணா, அடுத்த வருஷம் பெரிய போட்டிக்கு இதே காரைக் கொண்டு போலாமா?” என்று கேட்டாள். கொண்டுபோக எந்தத் தொடரில் இடம் இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியவர்கள் கோட்டையில் இருக்கிறார்கள். அரசியல்வாதிகள் பந்தயத்தில் தலையிடக் கூடாது என்று நான் கேட்கவில்லை. நிலம் கொடுத்த நாளிலிருந்து அவர்கள் தலையிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். சாலையும் பணமும் கொடுக்கிறவர்கள் கேள்வி கேட்கத்தான் வேண்டும். எனக்கு வேண்டிய ஆளைச் சேர் என்று கேட்டால் அது சிபாரிசு. எல்லோருக்கும் பொதுவான விதியைக் காட்டு என்று கேட்டால் அது கடமை. இதுவரை நம் பக்கத்தில் முதலாவது நடந்ததா என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது நடக்கவில்லை என்பது தெரியும்.

திருவள்ளூர் மாவட்டத்துச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு, எந்தக் கட்சியானாலும், என் வேண்டுகோள் இது. அடுத்த முறை பந்தயத்துக்கு ஒரு ரூபாய் பொதுப் பணம் ஒதுக்கும்போது மூன்று நிபந்தனைகளை அவையில் கேளுங்கள். அணி சேர்க்கைக்கான தகுதிகளை எழுத்தில் வெளியிட வேண்டும். மறுத்தால் காரணம் எழுத்தில் தர வேண்டும். இங்கேயே கட்டிய வண்டிகளுக்கென்று ஒரு பிரிவு ஓட வேண்டும், அதன் கட்டணம் ஒரு பட்டறைக்காரன் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும். அங்கே பன்னிரண்டு பேர் கடிதம் எழுதி, உலகத்தின் பெரிய பந்தய நிர்வாகத்தையே கேள்வி கேட்டார்கள். நீங்கள் ஒருவர் எழுந்து கேட்டாலும் போதும், இங்கே பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.